மூணு நிமிஷமும் எட்டாயிரம் நாய்களும்

எட்டாயிரம் நாய்கள் ஒரே நேரத்தில் குரைத்துக்கொண்டிருந்த ஒரு மைதானத்தை, வாயிலிருந்து ஒரு சத்தமும் வராமல், இரண்டே விரலால் அடக்கியவன் நான். நாய்கள் மட்டுமல்ல. கிட்டார், வயலின், மேளம், யானைக் கூண்டு அளவுக்கு நின்ற இருபத்து நான்கு ஒலிபெருக்கிகள் எல்லாமே கப்சிப். ஒரு பெண்மணி தின்றுகொண்டிருந்த வறுவல் பாக்கெட்டின் சரசரப்பு கடைசி வரிசைவரை கேட்டது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்குப் பழக்கம்தான். "மாப்ளே சொன்னதுல பாதியைக் கழி, மீதியை ரெண்டா வகுத்து ஒண்ணைத் தூக்கிப் போடு. மிச்சம் இருக்கிறதையும் விசாரிச்சுட்டு நம்பு" என்பது என் மச்சானின் புகழ்பெற்ற வாசகம். அவர் என் மனைவியின் அண்ணன். முப்பத்தோரு வருடம் நானும் அவரும் ஒரே மில்லில் வேலை பார்த்தோம். நான் தறிக்கூடத்தில். அவர் வாசலில், டைம்கீப்பர். மூன்று நிமிடம் தாமதமானால் கேட்டை இழுத்துச் சாத்திவிடுவார். கடவுளே வந்தாலும் அரை நாள் சம்பளம் போச்சு. அதனால் அவருக்கு மில் முழுக்க ஒரே பெயர்: மூணு நிமிஷம்.

தறிக்கூடம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இருநூறு தறிகள் ஒன்றாக ஓடும். அந்தச் சத்தத்தில் மேலே பறந்த காக்கை மயங்கி விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கிறவன் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஆகவே நாங்கள் சத்தமில்லாமல் பேசினோம். வாயை நன்றாகத் திறந்து, உதட்டை அழுத்தி அசைத்து, கூடக் கொஞ்சம் கைஜாடை. எதிர்க்கோடியில் இருப்பவன் என்ன சொல்கிறான் என்று உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். தறிப்பேச்சு என்று அதற்குப் பெயர். அதே கூடத்தில் வேலை பார்த்த என் மனைவியை நான் முதலில் வாயாரப் புகழ்ந்ததும் அதில்தான், நாற்பது தறிகளுக்கு இந்தப் பக்கமிருந்து. அவள் என்னைத் திட்டியதும் அதில்தான்.

அதில் மச்சானுக்கென்று ஒரு ஜாடை இருந்தது. இடது மணிக்கட்டில் இரண்டு விரலால் இரண்டு தட்டு. பிறகு மூக்கு நுனியை ஓர் இழுப்பு. அவருக்கு மூக்கு கொஞ்சம் தாராளம். 'மூணு நிமிஷம் வர்றார்' என்று அர்த்தம். ஒருவன் தட்டினால் போதும், கூடம் முழுக்க ஒரு நொடியில் பரவும். அரட்டை அடித்தவன் தறிக்குத் திரும்புவான், தூங்கியவன் எழுவான். மச்சான் உள்ளே வரும்போது இருநூறு பேரும் சிலை மாதிரி வேலையில் இருப்போம். "மில்லிலேயே ஒழுக்கமான பகுதி" என்று அவர் எங்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். பாவம்.

அந்த ஜாடை எங்கள் வீட்டுக்கும் வந்தது. மச்சானின் ஒரே மகன் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டில்தான் இருப்பான். எங்களுக்குக் காலை ஷிப்ட், மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவோம். அவன் அம்மாவுக்கும் வேலை, வர நேரமாகும். வாண்டு என்று கூப்பிடுவோம். இப்போது முப்பத்தொரு வயது, தாடி வேறு வைத்திருக்கிறான், இருந்தாலும் வாண்டுதான். நானும் என் மனைவியும் பழக்கதோஷத்தில் வீட்டிலும் தறிப்பேச்சுப் பேசுவோம். ஐந்து வயதில் அவன் அதை முழுசாகப் பிடித்துக்கொண்டான். மாலை முழுக்கப் பின்கட்டில் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பாடுவான். ஆறேகாலுக்கு அவன் அப்பா தெருமுனையில் தலைகாட்டியதும் நான் ஜன்னலிலிருந்து மணிக்கட்டில் இரண்டு தட்டு, மூக்கில் ஓர் இழுப்பு. அவ்வளவுதான். பாட்டு நடுவில் நிற்கும். வாளி நிமிரும். மச்சான் உள்ளே வரும்போது பையன் கணக்குப் புத்தகத்தில் மூழ்கியிருப்பான்.

வேடிக்கையாகத்தான் செய்தேன். அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பையன் வளர்ந்தான், வங்கி வேலைக்குப் போனான். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள் "வேலையை விட்டுட்டேன், கிட்டாரும் கையுமாப் போறேன்" என்று வந்து நின்றான். தன் பையன் பாடுவான் என்பதே மச்சானுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கோபத்தில் ஒரு வார்த்தை விட்டார்: "நீ பாடினா ஒரு நாய்கூட நின்னு கேக்காது." பையன் போனவன் போனவன்தான். போன வருடம் அவன் அம்மா இறந்தபோது வந்தான். வீட்டு கேட் வரைக்கும் வந்தவன் உள்ளே வராமல் அப்படியே திரும்பிப் போய்விட்டான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேட்டருகே நின்றிருந்தது மச்சான் ஒருவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை.

இந்த மாதம் என் மனைவி எங்கிருந்தோ சேதி கொண்டு வந்தாள். முட்டி அறுவை செய்துகொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் அவளுக்கு வராத சேதி கிடையாது.

"ஏங்க, வாண்டு அடுத்த மாசம் குழுவோட வெளிநாடு போறானாம். அங்கேயே தங்கிடுவான்போல. அண்ணனுக்கு எழுபத்தி நாலு ஆச்சு. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமலே போயிடுவாங்களா?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"சனிக்கிழமை அவன் பாட்டுக் கச்சேரி இருக்கு. திறந்தவெளியில, மத்தியானம் மூணு மணிக்கே ஆரம்பம். அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. பொய் சொல்லியாவது கூட்டிட்டுப் போங்க. அதுக்குத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன்."

மச்சானிடம் செடி கொடிக் கண்காட்சி என்றேன். மாடியில் நாற்பது தொட்டி வைத்திருக்கிறவர். "ஆறடி உயர ரோஜா வந்திருக்காம் மச்சான், மணம் நாலு தெருவுக்கு அடிக்குதாம்" என்றேன். "அப்போ மூணடி இருக்கும்" என்று கழித்துக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

மைதானத்து வாசலில் எங்கள் மணிக்கட்டில் ஆளுக்கொரு பச்சைக் காகிதப் பட்டையை ஒட்டினார்கள். மச்சான் தன் கைக்கடிகாரத்தை மறைக்காமல் ஒட்டச் சொல்லிச் சண்டை போட்டார். ஓய்வுபெற்றுப் பதினாறு வருடமாகியும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. யாராவது ஒரு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அவர் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும். பால்காரன் வந்தாலும் பார்ப்பார். என் மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கியபோதும் பார்த்தார். அந்தப் பையன் இன்றுவரை அவரைக் கண்டால் நடுங்குகிறான்.

உள்ளே போனால் புல்வெளி நிறைய இளவட்டங்கள். பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள், காகிதக் கோப்பையில் காபி குடிக்கிறார்கள். பத்தில் ஐந்து பேர் தலையில் துணியால் செய்த நாய்க்காது.

"ரோஜா எங்கே மாப்ளே?"

"பின்னாடி இருக்கும்."

"இதுங்க ஏன் நாய்க்காது மாட்டியிருக்கு?"

எனக்கும் நிஜமாகவே தெரியாது. அதற்குள் மச்சான் மேடைக்குப் பக்கத்தில் தொங்கிய பெரிய படத்தைப் பார்த்துவிட்டார். தாடி வைத்த வாண்டு, தோளில் கிட்டார். அவர் அப்படியே நின்றார். நான் முட்டி வலிக்காகக் கொண்டுபோன மடக்கு முக்காலியை விரித்து வைத்தேன். அவர் உட்காரவில்லை.

"உன் தங்கச்சி வேலையா இது, உன் வேலையா?"

"என் தங்கச்சி இல்லை மச்சான், உங்க தங்கச்சி. வந்தது வந்துட்டோம். ஒரே பாட்டு கேட்டுட்டுப் போயிடலாம்."

"ஒரே பாட்டு" என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

மேடையின் இரண்டு பக்கமும் வீடு அகலத்துக்குத் திரை. அதில் பாடுகிறவர் முகம் தெரிந்தது. வாண்டு வந்து நின்றதும் அவன் உதடு ஒரு கட்டில் நீளத்துக்கு விரிந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய உதட்டை நான் படித்ததில்லை. கூட ஒரு பெண் வயலின், ஒருவன் மேளம், இன்னொருவன் ஏதோ நாலு கம்பிக் கருவி. முதல் அடி விழுந்தபோது என் பல்செட்டு தனியாக எழுந்து தாளம் போட்டது. வாண்டு பாட ஆரம்பித்தான். உள்ளதைச் சொன்னால், நன்றாகவே பாடினான். வாளியில் தட்டிய அதே நடை.

"கேட்டுக்குள்ளே வீடு, வீட்டுக்குள்ளே கடிகாரம், கடிகாரத்துக்குள்ளே எங்கப்பா."

கூட்டம் சேர்ந்து பாடியது. எல்லாருக்கும் மனப்பாடம். மச்சான் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அடுத்து பல்லவி வந்தது. வாண்டு கையைத் தூக்கினான்.

"நீ பாடினா நாய்கூட நின்னு கேக்காது!"

எட்டாயிரம் பேரும் எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, "லொள்! லொள்! லொள்!" என்று குரைத்தார்கள்.

நாய்க்காது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு முன்னால் ஒரு சிறுமி அப்பாவின் தோளில் உட்கார்ந்து குரைத்தாள். அவள் அப்பாவும் குரைத்தார். அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு, சந்தோஷமாக, என் மச்சானைப் பார்த்துக் குரைத்தார்கள். இந்த மனிதர்தான் அவர் என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக் கூடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே ஒருவனிடம் சொன்ன ஒரு வார்த்தை.

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். நான் மச்சான் பக்கம் திரும்பினேன்.

மச்சான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். "நல்லா இருக்கு" என்றார். அவ்வளவு இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பிறகு திரும்பி வாசலை நோக்கி நடந்தார். குரைக்கிறவர்களுக்கு நடுவில் வழி கேட்டு, வழி கேட்டு, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

"மச்சான்!" என்று கத்தினேன். என் காதுக்கே கேட்கவில்லை. முட்டியை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நான் ஓட முடியாது. இந்த மனிதர் அந்த வாசலைத் தாண்டினால் இனி எந்தப் பொய்யும் அவரைக் கூட்டி வராது என்று மட்டும் தெரிந்தது. முக்காலி மேல் ஏறினேன். எழுபத்தோரு வயது, இரண்டு முட்டியும் கடன் வாங்கியவை மாதிரி, ஏறிவிட்டேன். நிமிர்ந்து மேடையைப் பார்த்து, கையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

மணிக்கட்டில் இரண்டு தட்டு. மூக்கில் ஓர் இழுப்பு.

முதல் தடவை அவன் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை பார்த்தான். பார்த்தது மூளைக்குப் போவதற்கு முன்னாலேயே கை நின்றுவிட்டது. ஐந்து வயதில் நின்ற மாதிரியே, கம்பி மேல் உள்ளங்கை பட்டென்று விழுந்தது. வயலின்காரி அவனைப் பார்த்து நிறுத்தினாள். மேளம் இரண்டு அடி தனியாகப் போய்த் தயங்கி நின்றது. நாய்கள் கொஞ்ச நேரம் குரைத்தன, பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அடங்கின.

அந்த அமைதியில் மச்சான் நின்று திரும்பினார். முக்காலி மேல் விரலை மூக்கில் வைத்தபடி நான் நிற்கிறேன். மேடையில் பையன் என்னையே பார்க்கிறான். மச்சான் ஒன்றும் தெரியாதவர் அல்ல. முப்பது வருடம் அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் இருநூறு பேர் ஏன் சிலையாக நின்றார்கள் என்று அந்த இடத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். திரும்ப என்னிடம் வந்தார்.

"இதுதானா?" என்றார். "நான் வந்தா இப்படித்தான் சொல்லுவீங்களா?"

"மில்லுல எல்லாரும்…"

"மில்லு கிடக்கட்டும். வீட்டுல?"

நான் மூக்கிலிருந்து விரலை எடுத்தேன்.

"அவன் பாடுவான்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியாமப் பார்த்துக்கிட்டது நீதானா மாப்ளே?"

திரையில் வாண்டுவின் முகம் நிறைந்திருந்தது. அவன் ஒலிவாங்கியை ஒதுக்கித் தள்ளிவிட்டு உதட்டை அசைத்தான், சத்தமில்லாமல். பாட்டில் மூழ்கிவிட்டான் என்று நினைத்துக் கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். அவன் என்னிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"மாமா. கூட நிக்கறது அவரா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் அவர் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ஒரு கேள்வி கேட்டான். நான் படித்தேன். எனக்கு அது பிடிபடவில்லை. ஆனால் நல்ல கேள்வி இல்லை என்று தெரிந்தது.

"என்ன சொல்றான்?" என்றார் மச்சான்.

நான் என்ன செய்வேன்? வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன்.

"மன்னிச்சிடுங்கன்னு சொல்றான் மச்சான். தெரியாம அந்தப் பாட்டை எழுதிட்டானாம். நீங்கதான் அவனுக்குத் தெய்வமாம்."

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண்ணில் அவ்வளவு களைப்பை நான் பார்த்ததே இல்லை.

"அவன் என் பையன்டா. அப்படியெல்லாம் சொல்ல மாட்டான்" என்றார். "இந்த ஒரு நாளாவது சும்மா இருந்திருக்கலாம் நீ." திரும்பி நடந்தார்.

"மச்சான், நில்லுங்க! அவன் சொன்னதை அப்படியே சொல்றேன். ஒரு சொல்லு கூட்டல, குறைக்கல. 'அம்மா செத்த அன்னைக்கு நான் கேட்டுல வந்து நின்னதும் வாட்சைப் பார்த்தாரே, ஏன்னு கேளுங்க.' இதுதான் கேட்டான்."

மச்சானின் கால் நின்றது.

"வாட்சா?"

"ஆமா."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் வீட்டுக்குள்ள இருந்தேன். அவன் இப்போ கேட்டான், நான் சொல்றேன்."

என் மனைவிக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர். பெற்ற தாய் செத்துக் கிடக்கிற வீட்டு வாசலில், மகனைப் பார்த்ததும் அப்பா கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். தாமதமாக வந்துவிட்டாய் என்று சொல்வதாக அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான்?

மச்சான் பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் முக்காலியிலிருந்து இறங்கி அவரை உட்காரவைத்தேன்.

"காலையில நாலரைக்குத்தான் அவனுக்குச் சேதி போச்சு" என்றார், தரையைப் பார்த்தபடி. "அங்கேருந்து பத்து மணி நேரம். வண்டி எவ்வளவு வேகமா வந்தாலும் பத்து. அவன் வந்து நிக்கறான், நான் பார்க்கறேன், மணி ஒண்ணரை. ஒன்பது மணி நேரத்துல வந்திருக்கான். என்ன ஓட்டு ஓட்டியிருப்பான், எங்கேயாவது மோதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு… ஒரே நாள்ல ரெண்டு பேர் போயிருப்பாங்களேன்னு பயந்துட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். கேட்டுல ஆள் இல்ல."

"இதை அப்பவே ஃபோன்ல சொல்லியிருக்கலாமே மச்சான்!"

"அவன் ஏன் போனான்னு எனக்கு இப்போதானே தெரியுது."

மேடையில் வாண்டு காத்திருந்தான். கூட்டம் சலசலக்க ஆரம்பித்தது. நான் மறுபடி முக்காலியில் ஏற வேண்டும், ஆனால் அதில் மச்சான் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து, எதுவும் சொல்லாமல், ஒரு கையால் முக்காலியையும் ஒரு கையால் என் இடுப்பையும் பிடித்துக்கொண்டார்.

ஏறி நின்று சொன்னேன். வாயை நன்றாகத் திறந்து, எண்களுக்கு விரல் காட்டி. 'பத்து மணி நேர வழி. ஒன்பதுல வந்துட்டே. எங்கேயாவது மோதியிருப்பியோன்னு பயந்துட்டார். அதான் பார்த்தார்.' அழகாக நாலு வரி சேர்க்கலாம் என்று நாக்கு துடித்தது. சேர்க்கவில்லை. எழுபத்தோரு வருடத்தில் நான் கழிக்க ஒன்றும் வைக்காமல் சொன்னவை அந்த இரண்டுதான், அவரிடம் ஒன்று, இவனிடம் ஒன்று.

வாண்டு கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். திரையில் அவன் பிடரி மட்டும் தெரிந்தது. வயலின்காரி கிட்டே போய் ஏதோ கேட்டாள். அவன் தலையாட்டினான். பிறகு திரும்பி ஒலிவாங்கியைப் பிடித்து, "மன்னிக்கணும், கம்பி அறுந்துபோச்சு" என்றான். ஆறு கம்பியும் முழுசாக இருந்தன. திரையில் பளபளவென்று தெரிந்தது. என் வளர்ப்பு.

அந்தப் பாட்டை அவன் முடிக்கவில்லை. வேறு பாடினான். குரைக்க வந்தவர்கள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு அடங்கினார்கள். மச்சான் கடைசிவரை நின்றார். கைதட்டவில்லை. தலையும் அசைக்கவில்லை. பாட்டைக் கேட்டாரா, பையனைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று என்னால் சொல்ல முடியாது.

வெயில் இறங்கும்போது முடிந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு கம்பிவேலி. அதன் அந்தப் பக்கம் வாண்டு வந்து நின்றான். என்னிடம், "மாமா, முட்டியோட யார் உங்களை முக்காலில ஏறச் சொன்னது?" என்றான். அதற்கப்புறம் அப்பாவும் பிள்ளையும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று பேசினார்கள். இருபதடி தள்ளி நின்றாலும் ஒவ்வொரு சொல்லையும் என்னால் படித்திருக்க முடியும். நான் திரும்பி நின்று, மடக்கிய முக்காலியை அணைத்துக்கொண்டு, சாமான் ஏற்றும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடம் இருக்கும். ஒரு தடவை பையன் குரல் உயர்ந்தது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

திரும்பும் வழியெல்லாம் மச்சான் வண்டி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டுப் பயணம் நிற்கிறதா, பையன் வீட்டுக்கு ஒருமுறை வருவானா, நான் கேட்கவில்லை. என்னை மன்னித்தாரா என்றும் கேட்கவில்லை. அந்த ஜன்னல் ஜாடையைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலை.

எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். என் மனைவி காலைத் தலையணை மேல் நீட்டியபடி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அவர் முகத்தைப் பார்த்து அவள் பயந்துபோனாள். அந்த முகத்தை மாற்றவாவது நான் ஆரம்பித்தேன்: எட்டாயிரம் பேர், எட்டாயிரமும் நாய், நான் முந்நூறு அடி தூரத்திலிருந்து இரண்டு விரலைத் தூக்கினேன், மைதானமே செத்த பிணம் மாதிரி…

"போதும், நிறுத்துங்க" என்றாள் அவள். அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இவர் அளக்கறாரா? இவர் கையைக் காட்டினதும் அவன் பாட்டை நிறுத்தினானா? உன்கிட்ட பேசினானா? இதுல எவ்வளவு கழிக்கணும்னு நீயே சொல்லு."

மச்சான் செருப்பு இரண்டையும் சுவரோரம் ஜோடியாக வைத்தார். எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று நான் பார்க்கவில்லை.

"எட்டாயிரம் இல்லம்மா, மூவாயிரத்துக்கு மேல இருக்காது" என்றார். "தூரம் நூறடி." என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "மத்தது எல்லாம் நடந்துச்சு."